சிங்கப்பூர் வெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். வார இறுதிகளில் எங்கள் வட்டாரத்தில் தனியாக வாழும் முதியோரைப் பார்க்கத் தொண்டூழியராகப் போவதும் உண்டு. ஏப்ரல், மே வந்துவிட்டால் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே வருஷம் முழுக்க வெயில்தானே? இதில் வெப்ப அலை என்று தனியாக என்ன இருக்கிறது?

சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. தொடர்ந்து மூன்று நாளாவது பகல் உச்சம் 35 டிகிரியைத் தொட வேண்டும். அந்த நாட்களின் சராசரி வெப்பநிலையும் 29 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம். பகலில் கொளுத்தினால் மட்டும் போதாது, இரவும் ஆறாமல் இருந்தால்தான் அது வெப்ப அலை.

இங்கே இதுவரை பதிவான உச்சம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் இன்னொரு முறை. ஊரில் 42, 43 என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நம்மை இங்கே படுத்துவது அந்த உச்ச எண் அல்ல, விடாமல் தொடரும் சூடு. உடம்புக்குத் தினமும் சில மணி நேரமாவது அதிலிருந்து விடுபட வழி வேண்டும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தச் சில மணி நேரத்தை எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான்.

மதுரையில் 40 டிகிரியே பார்த்தாச்சு. இங்கே 34 டிகிரிக்கு ஏன் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கு?

வேர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, வேர்வை காய்வதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது. சட்டை நனையும், உடம்பு ஆறாது.

கணக்காகவே பார்க்கலாம். 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 விழுக்காடு என்றால், நனைந்த துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 23 டிகிரி காட்டும். 34 டிகிரி வெயில், ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் அதே வெப்பமானி 27 டிகிரியைத் தாண்டிவிடும். வேர்வை நம்மை எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதன் எல்லை அந்த எண்தான். ஊர் வெயில் லேசானது என்று இதற்கு அர்த்தமில்லை, அதுவும் ஆளைக் கொல்லும். ஆனால் "40 டிகிரி பார்த்தவன் நான்" என்ற தைரியத்தை இங்கே எடுத்து வராதீர்கள்.

போனில் 33 என்கிறது, தளத்தில் இருக்கும் கருவி 31 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் சரிதான், அவை அளப்பது வேறு வேறு. போனில் வருவது நிழலில் எடுத்த காற்றின் வெப்பம். தளத்தில் இருப்பது ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை. முந்தைய பதிலில் சொன்ன ஈரத் துணி அளவுக்கு அதில் 70 விழுக்காடு பங்கு, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20 விழுக்காடு, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு 10 விழுக்காடு. வெயில், ஈரம், காற்று வீச்சு எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

அதனால் அந்த 31ஐ "31 தானே" என்று விடக்கூடாது. 2023 ஜூலையில் தொடங்கிய வெப்ப அழுத்த ஆலோசனைப்படி 31க்குக் கீழ் குறைந்த நிலை, 31 முதல் 33க்குள் மிதமான நிலை, 33ம் அதற்கு மேலும் உயர் நிலை. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் உங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு என்று பார்க்கலாம். வெளியே ஓடப் போகும் முன்பும், பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் முன்பும் ஒரு தடவை பாருங்கள்.

எந்த நேரம் மோசம்?

மார்ச் முதல் மே வரை, அதிலும் ஏப்ரலும் மேயும். இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவில் காற்றே இல்லாமல் போகும் காலம் அது. நம் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணி வாக்கில். சூடு உச்சத்தைத் தொடுவது அதற்கும் பிறகு. "12 மணி வெயில்" என்று ஒதுங்கிவிட்டு 2 மணிக்கு வெளியே கிளம்பினால் பலன் இல்லை.

ராத்திரி பத்து மணிக்கும் வீடு ஆறவே மாட்டேங்குது. ஏன்?

பகல் முழுக்கச் சுவரும் சாலையும் குடித்த சூட்டை இரவில் வெளியே விடுகின்றன. நெருக்கமாக நிற்கும் கட்டடங்களுக்கு நடுவில் அது மேலே போகவும் வழியில்லை. ஆர்ச்சர்ட் போன்ற இடத்துக்கும் லிம் சூ காங் போன்ற பசுமையான ஓரத்துக்கும் இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததை இங்குள்ள ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஒரே தீவுக்குள் 7 டிகிரி!

மேற்குப் பார்த்த வீடு என்றால் சாயங்கால வெயில் நேராகச் சுவரில் இறங்கும். அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பது நல்லது. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வெளியே எதையும் மாட்டுவதற்குக் கட்டுப்பாடு இருப்பதால், உள்ளே வெளிர் நிறப் பின்புறம் உள்ள தடித்த திரை, அல்லது கண்ணாடியில் ஒட்டும் வெப்பத்தடுப்புத் தாள் போதும். மதியம் 2 மணிக்கே திரையை இழுத்துவிடுங்கள். சூடு உள்ளே வந்த பிறகு இழுத்துப் பயனில்லை.

சூரியன் இறங்கியதும் இதற்கு நேர்மாறு. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, முடிந்தால் இரும்பு கேட்டைப் பூட்டிவிட்டு முன்கதவையும் திறந்து வையுங்கள். ஒரு ஃபேனைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தால் உள்ளிருக்கும் சூடான காற்றை வெளியே தள்ளும். அடுப்பு வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவதும், ஈரத் துணியைப் படுக்கையறையில் காயப் போடாமல் இருப்பதும் நான் போகும் வீடுகளில் கண்ணெதிரே வித்தியாசம் காட்டியவை. இரண்டுக்கும் காசு செலவில்லை.

ஏர்கான் இல்லை. ஃபேன் மட்டும் போதுமா?

பெரும்பாலான நாட்களில், பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, உங்கள் வேர்வையைக் காய வைக்கிறது. அதனால் ஆள் இல்லாத அறையில் ஓடும் ஃபேன் வீண்.

35 டிகிரி பக்கம் போகும் மதியங்களில் ஃபேனோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை, கழுத்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஃபேன் முன் உட்காருவது வெறும் ஃபேனைவிட நன்றாக வேலை செய்யும். முதியவர்களுக்கு வேர்வை குறைவு என்பதால் இது அவர்களுக்கு இன்னும் அவசியம். முழங்கை வரை இரண்டு கையையும் குளிர்ந்த நீரில் சில நிமிடம் வைத்திருப்பதும் நல்ல வழி. இங்கே ராணுவப் பயிற்சியிலேயே இது வழக்கம்.

ஃபேன் முன்னால் ஒரு வாளி தண்ணீர் வைக்கலாமா? ஊரில் இருக்கிற மாதிரி ஏர் கூலர் வாங்கலாமா?

இரண்டும் வேண்டாம். ஏர் கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்த்துத்தான் குளிர்விக்கிறது. வறண்ட ஊரில் அது அருமையான கருவி. இங்கே ஏற்கெனவே ஈரம் அதிகம், சன்னலை மூடிக்கொண்டு அதை ஓடவிட்டால் அறை இன்னும் புழுங்கும். விற்பவர்கள் "ஏர்கானுக்குப் பதில்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காசுக்கு மின்சாரம் குறைவாக இழுக்கும் நல்ல டிசி ஃபேன் வாங்கலாம். 2024ல் வீவக வீடுகளுக்குக் கொடுத்த 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டை இன்னும் பயன்படுத்தாதவர்கள் அதற்கே பயன்படுத்தலாம்.

வாளித் தண்ணீரில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டு ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். வெயில் காலம்தான் டெங்கியும் ஏறும் காலம்.

ஏர்கானை எத்தனையில் வைப்பது? பில்லை நினைத்தால் பயமாயிருக்கு.

25 டிகிரி அல்லது அதற்கு மேல், கூடவே ஃபேன். 18ல் வைத்தால் அறை வேகமாகக் குளிராது, அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். மின்சாரம் ஒரு யூனிட் 30 காசு வாக்கில் என்று வைத்தால், இரவு முழுக்க ஓடும் ஃபேனுக்கு 15 காசு ஆகலாம். ஒரு படுக்கையறை ஏர்கானுக்கு ஒரு வெள்ளிக்கு மேல்.

பில்லுக்குப் பயந்து முதியவர்கள் ஏர்கான் இருந்தும் போடாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அதுதான் எனக்குக் கவலை. எல்லோருக்கும் இரவு முழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மிகச் சூடான நாளில் படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் போட்டு அறையை ஆற்றிவிட்டு, டைமர் வைத்து ஃபேனுக்கு மாறினாலே உடம்புக்கு வேண்டிய ஓய்வு கிடைத்துவிடும். பகலில் நூலகம், சமூக மன்றம், துடிப்பாக மூப்படைதல் நிலையம் இருக்கவே இருக்கின்றன. அங்கே போய் உட்கார யாரும் காசு கேட்பதில்லை.

எவ்வளவு தண்ணீர் குடிக்கணும்? இளநீர், மோர், ஹண்ட்ரட் பிளஸ், எது நல்லது?

வீட்டில் இருப்பவர்கள் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி, கருமஞ்சள் என்றால் போதவில்லை. வெளியே உழைப்பவர்களுக்கு மனிதவள அமைச்சு பரிந்துரைப்பது மணிக்கு 300 மில்லிலிட்டராவது. தாகம் வரும்வரை காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒரேயடியாகக் குடிப்பதும் ஆபத்துதான். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

நேரத்துக்குச் சாப்பிடுபவருக்குத் தண்ணீரே போதும். பல மணி நேரம் வேர்த்துக் கொட்டினால் உப்பும் திரும்ப வேண்டும். அதற்கு உப்புப் போட்ட நீர்மோரை மிஞ்ச ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ஹண்ட்ரட் பிளஸ் உதவும், ஆனால் சர்க்கரை இருக்கிறது, நீரிழிவு உள்ளவர்கள் யோசிக்கவும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளும் இந்தப் பத்தியைப் பார்த்து அளவை ஏற்றிவிடாதீர்கள்.

வெயிலிலிருந்து வந்ததும் ஐஸ் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வருமா?

வராது. குளிக்கவும் செய்யலாம். காய்ச்சல் கிருமியால் வருகிறது.

அம்மாவுக்கு 78 வயசு. "எனக்கு வேர்க்கலை, தாகமும் இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். வயதானால் தாக உணர்வு மங்கும், வேர்வைச் சுரப்பு குறையும். அம்மா பொய் சொல்லவில்லை, உடம்பு அவருக்குச் சேதி சொல்வதை நிறுத்திவிட்டது. ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில மனநல மருந்துகள், தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி மாத்திரைகள் எல்லாம் சூட்டைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. பலதுறை மருந்தகத்துக்கு அடுத்த தடவை போகும்போது "வெயில் நாட்களில் இதை எப்படி எடுப்பது" என்று கேளுங்கள்.

1995 ஜூலையில் சிகாகோவில் ஒரு வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் ஏராளமானோர் சன்னலை மூடிக்கொண்டு தனியாக இருந்த முதியவர்கள். 2003ல் பிரான்சில் சுமார் 15,000 பேர் இறந்தபோதும் பெரும்பாலோர் முதியவர்களே. இரண்டும் பணக்கார நாடுகள், மருத்துவமனைகள் நிறைந்த நகரங்கள். அங்கே இல்லாமல் போனது கதவைத் தட்ட ஓர் ஆள்.

வேலைக்குப் போகிறவர்கள் மதியம் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "நல்லாருக்கேன்" என்றுதான் பதில் வரும். "காலையிலிருந்து என்ன குடிச்சீங்க, இப்போ எந்த அறையில் இருக்கீங்க, ஃபேன் ஓடுதா" என்று கேளுங்கள். அவர் பேச்சு குழறலாக இருந்தால் கீழே அடுத்த கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

மயக்கம் வந்தால் அது சாதாரண களைப்பா, ஹீட் ஸ்ட்ரோக்கா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளின் பேச்சைக் கவனியுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வேர்வை, ஆனால் பேச்சு தெளிவு என்றால் வெப்பச் சோர்வு. நிழலுக்குக் கொண்டுபோய், காலணியைக் கழற்றி, காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, குடிக்கக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்புக்குள் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். "வேர்க்கிறதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்று தளத்தில் பலர் சொல்வார்கள். அது தவறு. உழைக்கும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு நனைந்தே இருக்கலாம். தோல் காய்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டுக்குள் பாதிக்கப்படும் முதியவர்களிடம்.

ஒருவர் 995ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். ஐஸ் இல்லையென்றால் பக்கத்து உணவங்காடியின் பானக் கடையில் ஒரு பை கேளுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

தளத்தில் வேலை செய்கிறேன். ஓய்வு கேட்டால் சூப்பர்வைசர் முறைக்கிறார். எனக்கு உரிமை இருக்கா?

இருக்கிறது. 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு அறிவித்த ஏற்பாட்டின்படி, ஈரக்குமிழ்-கோள அளவு 32ஐத் தொட்டால் கடினமான உடல் உழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் ஓய்வு. 33ஐத் தொட்டால் 15 நிமிடம். நிழலில், தண்ணீர் பக்கத்தில். உடல்நிலை சரியில்லாதவருக்கு ஆபத்து கூடுதல் என்பதால் காய்ச்சலோடு வேலைக்கு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கும் நீண்ட விடுப்பு முடிந்து ஊரிலிருந்து திரும்பியவர்களுக்கும் குறைந்தது 7 நாள் படிப்படியாக வேலையை ஏற்ற வேண்டும். தம்பிகளே, முதல் வாரத்திலேயே ஆள் பலத்தைக் காட்ட வேண்டாம். சூட்டால் விழுகிறவர்களில் பலர் அந்த முதல் நாட்களில்தான் விழுகிறார்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ளுங்கள். பேச்சு குழறுவதைத் தனக்குத் தானே யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சூப்பர்வைசர் கேட்கவில்லை என்றால் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சிடம் நேரடியாகப் புகார் செய்யலாம்.

ஆறு வருஷமா வெயிலில்தான் வேலை. உடம்பு பழகிடுச்சு. இன்னும் எதுக்கு ஓய்வு?

உடம்பு பழகுவது உண்மை. ஒன்று, இரண்டு வாரத்தில் வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், இதயம் நிதானமாகத் துடிக்கும். ஆனால் ஒரு மாத விடுப்பில் அதில் பெரும்பகுதி போய்விடும். மேலும், வேர்வை அதிகமாக வருவதால் பழகியவருக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்த வேர்வையும் காயாது. இரண்டாவது பதிலில் சொன்ன எல்லை ஆறு வருட அனுபவத்துக்கும் அதேதான்.

நோன்பு வைத்துக்கொண்டு வெயிலில் வேலை செய்யலாமா? பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?

நோன்பு இங்கே பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். கடினமான வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சஹர் நேரத்தில் தண்ணீரும் தயிரும் பழமும் நல்லது, காப்பி வேண்டாம். நோன்பு திறக்கும்போது பள்ளிவாசலில் கிடைக்கும் நோன்புக் கஞ்சியில் நீரும் உப்பும் சேர்ந்தே இருப்பது பெரிய வசதி. பேச்சு தடுமாறும் அளவுக்குப் போனால் நோன்பை முறித்துக்கொள்ள மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது. கூட இருப்பவர்கள் அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயில் பங்குனி உத்திரம் வெயில் காலத்தில்தான் வருகிறது. விடியற்காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விரதம் என்று முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். கூட வருபவர் ஒருவர் உங்கள் முகத்தையே பார்த்து நடக்கட்டும். மதியம் தார்ச்சாலை வெறுங்காலைச் சுட்டுவிடும், நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

புகைமூட்டம் வந்தால் சன்னலை மூடு என்கிறார்கள், வெயிலுக்குத் திற என்கிறீர்கள். ஏர்கான் இல்லாத வீட்டில் என்ன செய்வது?

இதுதான் எனக்கு வரும் கேள்விகளில் கடினமானது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401 வரை போனது. அந்த மாதிரி நாளில் மூடித்தான் ஆக வேண்டும். மற்ற நாட்களில் புகை நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மணிக்கொரு முறை வரும் பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்த்து, இறங்கும் நேரத்தில் திறந்து வீட்டை ஆற்றிக்கொள்ளுங்கள்.

மூடியிருக்கும்போது ஃபேன், ஈரத் துணி, கை நனைத்தல் எல்லாம் வேலை செய்யும். அறைக்குள் 35ஐ நெருங்கினால், அல்லது வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால், வீட்டிலேயே பிடிவாதமாக இருக்காமல் குளிரூட்டப்பட்ட இடத்துக்குப் போய்விடுவதே நல்லது. மூடிய வீட்டின் சூடு அவர்களைப் புகையைவிட வேகமாகச் சாய்த்துவிடும்.

இன்னும் முப்பது, நாற்பது வருஷத்தில் என்ன ஆகும்?

2016, 2019, 2024 மூன்றும் இங்கே ஒரே அளவில் மிகச் சூடான ஆண்டுகள், சராசரி 28.4 டிகிரி. 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் இதுவரை ஆண்டுக்குச் சராசரியாக 21. நூற்றாண்டின் கடைசியில் அது 41 முதல் 351 வரை ஆகலாம் என்று 2024 ஜனவரியில் வந்த தேசியப் பருவநிலை ஆய்வு சொல்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளி உலகம் எவ்வளவு கரியமிலவாயுவை விடப்போகிறது என்பதைப் பொறுத்தது. 41க்கும் 351க்கும் உள்ள வித்தியாசம் இன்று தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் முதுமை.

வீவக புதிதாகக் கட்டும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். வெயிலை நினைத்து எந்த வீட்டை எடுப்பது?

வடக்கு-தெற்கு பார்த்த வீடு முதலில். நீளச் சுவரும் பெரிய சன்னல்களும் கிழக்கு, மேற்கில் இல்லாமல் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி நேர் வெயில் தப்பும். வேறு வழியின்றி மேற்கு என்றால், எதிரே இன்னொரு புளோக் சாயங்கால நிழல் கொடுக்குமா என்று வரைபடத்தில் பாருங்கள். வரவேற்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன் படுக்கையறை எந்தப் பக்கம் என்று பாருங்கள், ஏனென்றால் இரவு ஓய்வு கிடைப்பது அங்கேதான். மேல்தளத்தில் காற்று வரும், ஆனால் உச்சித் தளத்தில் கூரையின் சூடும் இறங்கும். அதற்கு ஒன்றிரண்டு மாடி கீழே எடுத்தால் காற்று கிடைக்கும், கூரைச் சூடு இருக்காது.

அப்புறம், எம்ஆர்டிக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ கூரையுள்ள நடைபாதை உண்டா, வழியில் தூங்குமூஞ்சி மாதிரி குடை விரித்த பெரிய மரங்கள் இருக்கின்றனவா என்று மதியம் 3 மணிக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். புதுப் பேட்டையில் கன்றுகள் நிழல் தர பல ஆண்டு ஆகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், பழைய பேட்டையில் உள்ள மறுவிற்பனை வீட்டையும் கணக்கில் எடுங்கள்.